வேற்றுக் கணிப்பொறியின் தட்டுகளும் நிரல்களும்

அலுவலகத்தின் பழைய அலமாரி ஒன்றைத் துப்புரவு செய்கையில் ஒரு பெட்டி நிறையப் பிளாப்பித் தட்டுகள் கிடைக்கின்றன எனக் கொள்வோம். மேலே ஒட்டிய சீட்டில், "மழை அளவு, 1988 முதல் 1994 வரை" என்று மையால் எழுதியிருக்கிறது. எழுதியவர் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார். அவர் உபயோகித்த கணிப்பொறி ஏலத்தில் போய்விட்டது. அலுவலர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு டிரைவைத் தேடிக் கொணர்ந்து, இன்றைய கணிப்பொறியுடன் இணைத்து, முதல் தட்டை உள்ளே செலுத்துகிறார். திரையில் ஒரு செய்தி தோன்றுகிறது: தட்டு பார்மட் செய்யப்படவில்லை, இப்பொழுது செய்யலாமா?

அவர் "ஆம்" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஏழு ஆண்டுகளின் மழைக் கணக்கில் ஒரு பகுதி ஓரிரு நிமிடங்களில் அழிந்துபோம். "இல்லை" என்று கூறி, தட்டை வெளியே எடுத்துவிட்டால், அக்கணக்கைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு, கணிப்பொறி கூறிய சொற்களின் உண்மைப் பொருளை அறிவதேயாகும். "தட்டு பார்மட் செய்யப்படவில்லை" என்பதற்குத் தட்டு வெறுமையானது என்று பொருளன்று. "இத்தட்டில் உள்ளதை எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்பதே அதன் பொருள்.

ஒரு வகைக் கணிப்பொறிக்கென அமைந்த தட்டையும் நிரலையும் வேறு வகைக் கணிப்பொறியில் உபயோகிக்க முற்படும்போது தோன்றும் தடைகள் யாவை, அவற்றை எவ்வாறு கடக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்கும்.

சுவடியும் தட்டும்

ஏட்டுச் சுவடி ஒன்று நம் கைக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அதனைப் பயன்படுத்த நான்கு படிகளை நாம் கடத்தல் வேண்டும். முதலாவது, ஏடு சிதையாமலும், எழுத்தின் கீறல் கண்ணுக்குப் புலப்படுமாறும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஏடுகளின் வரிசை தெரிதல் வேண்டும். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்திருப்பின், ஒவ்வோர் ஏட்டையும் தனித்தனியே படிக்க முடிந்தாலும் நூல் கிடைக்காது. மூன்றாவது, எழுத்தின் பொருள் தெரிதல் வேண்டும். பழைய கணக்கேடுகளில் "க" என்னும் வடிவம் ஒன்று என்னும் எண்ணையும், "உ" என்னும் வடிவம் இரண்டு என்னும் எண்ணையும் குறிக்கும். இதனை அறியாதவர் கணக்கை எழுத்தாகப் படித்துக் குழம்புவர். நான்காவது, ஏட்டில் இருப்பது மருந்து செய்யும் முறையாயின், படித்தல் மட்டும் போதாது. அதில் கூறிய சரக்குகளும் கலங்களும் நம்மிடம் இருந்தாலன்றி மருந்து ஆகாது.

கணிப்பொறித் தட்டின் நிலையும் இத்தகையதே. காந்தப் பதிவைப் படித்தல், கோப்புகளின் அடுக்கு முறையை அறிதல், கோப்பினுள் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் பொருள்கொள்ளுதல், நிரலாயின் அதனை இயக்குதல் என்னும் நான்கு படிகள் இங்கும் உண்டு. ஒவ்வொரு படியிலும் தடை வேறு, பரிகாரமும் வேறு. ஆதலின், "இத்தட்டு வேலை செய்யவில்லை" என்று பொதுவாகக் கூறாமல், எப்படியில் தடைப்பட்டது என்று கேட்பதே அறிவுடைய வழியாகும்.

முதற் படி: காந்தத் தடங்கள்

பிளாப்பித் தட்டு மூன்று அளவுகளில் பரவலாக வழங்கியது. ஐ.பி.எம். நிறுவனம் 1971-இல் 8 அங்குலத் தட்டை வெளியிட்டது. 1976-இல் 5¼ அங்குலத் தட்டும், 1980-களின் தொடக்கத்தில் 3½ அங்குலத் தட்டும் வந்தன. அளவு மாறினால் டிரைவும் மாற வேண்டும் என்பது வெளிப்படை. ஆனால் ஒரே அளவுள்ள இரு தட்டுகளும் ஒன்றையொன்று ஒவ்வாதிருக்கலாம் என்பதே பலர் அறியாத செய்தி.

தட்டின் மேற்பரப்பில் வட்ட வட்டமான தடங்கள் உள்ளன. ஒவ்வொரு தடமும் பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். 5¼ அங்குலத் தட்டு, ஐ.பி.எம். பி.சி. பொறியில் பக்கத்திற்கு 40 தடங்களும், தடத்திற்கு 9 பிரிவுகளும், பிரிவுக்கு 512 பைட்டுகளும் கொண்டிருந்தது. இரு பக்கமும் சேர்த்துப் பெருக்கினால் 3,68,640 பைட்டுகள், அஃதாவது 360 கிலோபைட் கிடைக்கும். அதே அளவுள்ள தட்டைப் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறி வேறு விதமாகப் பகுத்தது. 40 தடங்கள், தடத்திற்கு 10 பிரிவுகள், பிரிவுக்கு 256 பைட்டுகள் என ஒரு பக்கத்தில் 100 கிலோபைட் மட்டுமே அதில் அடங்கின. பிரிவின் எண்ணிக்கை மட்டுமன்றி, பிட்டுகளைக் காந்த மாற்றங்களாக எழுதும் முறையும் இரண்டிலும் வேறு.

3½ அங்குலத் தட்டுகளிலும் இவ்வாறே. 1984-இல் வந்த மாக்கின்டாஷ் கணிப்பொறியின் 400 கிலோபைட் தட்டு, தலை வெளிப்புறத் தடங்களில் இருக்கும்போது மெதுவாகவும், உட்புறத் தடங்களில் இருக்கும்போது விரைவாகவும் சுழலும். நீளம் மிகுந்த வெளித் தடத்தில் 12 பிரிவுகளும், நீளம் குறைந்த உட்தடத்தில் 8 பிரிவுகளும் அதனால் அமைந்தன. பி.சி. டிரைவோ எப்பொழுதும் ஒரே வேகத்தில் சுழலுவது. அமிகா என்னும் கணிப்பொறியின் தட்டு பி.சி. தட்டைப் போன்றே சுழன்றபோதிலும், தடத்திற்கு 11 பிரிவுகளை இடைவெளியின்றி எழுதியமையால், பி.சி.யின் கட்டுப்பாட்டுச் சில்லு அதனைப் பிரித்தறிய இயலவில்லை. பெட்டியில் உள்ள தட்டுகளின் தோற்றம் ஒன்றாயிருப்பதைக் கொண்டு அவை ஒரே வகை என்று முடிவு செய்யலாகாது.

இன்று கடைகளில் கிடைக்கும் யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ்கள் பெரும்பாலும் பி.சி. வகை 3½ அங்குலத் தட்டுகளை மட்டுமே படிக்கும். அவை படிக்க மறுத்தமையால் தட்டு கெட்டது என்று கருத வேண்டா. பிரிவுகளைத் தேடாமல், காந்தப் பரப்பில் மாற்றங்கள் எவ்வளவு நேர இடைவெளியில் வருகின்றன என்பதை மட்டும் அளந்து பதிவு செய்யும் சிறு சாதனங்கள் இப்பொழுது உள்ளன. கிரீஸ்வீசில், கிரையோபிளக்ஸ் என்பன அத்தகையவை. பழைய பி.சி. டிரைவ் ஒன்றை இவற்றுடன் இணைத்தால், வெவ்வேறு வகைத் தட்டுகளின் பதிவை அப்படியே எடுத்துக்கொண்டு, பொருளைப் பின்னர் நிரலால் பிரித்தறியலாம். படித்தலையும் பொருள்கொள்ளுதலையும் இவை பிரித்துவிடுகின்றன. அதுவே இவற்றின் சிறப்பு.

ஓர் எச்சரிக்கை. 80 தட டிரைவின் தலை, 40 தட டிரைவின் தலையைப் போல ஏறத்தாழப் பாதி அகலமே உள்ளது. 40 தடத் தட்டை அது படிக்கலாம். ஆனால் அதன்மீது எழுதினால், அகலமான பழைய தடத்தின் நடுவே குறுகிய புதிய தடம் பதியும். பின்னர் அத்தட்டை அதன் சொந்தப் பொறியில் இட்டால், பழையதும் புதியதும் கலந்து ஒலிக்கும். பழைய தட்டைப் படிக்கலாம். அதன்மீது எழுதலாகாது என்பதை விதியாகக் கொள்க.

இரண்டாம் படி: அடுக்கும் முறை

காந்தப் பதிவிலிருந்து பைட்டுகள் கிடைத்துவிட்டன எனக் கொள்வோம். இப்பொழுது நம் கையில் இருப்பது கயிறு அறுந்த சுவடி. எக்கோப்பு எப்பிரிவில் தொடங்கி எங்கெங்கே தொடர்கிறது என்பதைத் தட்டில் ஓரிடத்தில் எழுதப்பட்ட பட்டியலே கூறும். அப்பட்டியலின் அமைப்பு இயக்க முறைமைதோறும் மாறுபடும்.

பி.பி.சி. மைக்ரோவின் தட்டில் இப்பட்டியல் முதல் தடத்தின் முதல் இரு பிரிவுகளில் உள்ளது. கோப்பின் பெயர் ஏழு எழுத்துக்கு மேற்படாது. ஒரு பக்கத்தில் 31 கோப்புகளே இருக்கலாம். டாஸ் முறைமையில் பெயர் எட்டெழுத்தும், வகைக் குறிப்பு மூன்றெழுத்தும் ஆகும். கோப்பின் பகுதிகளைத் தொடர்புபடுத்தும் அட்டவணை ஒன்று தனியே, இரு படிகளாக, எழுதப்பட்டிருக்கும். தன் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு முறைமையின் பைட்டுகளைக் காணும் கணிப்பொறி, அவற்றைப் பட்டியல் என்று உணர்வதில்லை. உடனே பார்மட் செய்யலாமா என்று வினவுகிறது. முழு பார்மட் என்பது தடங்கள் அனைத்தின்மீதும் புதிதாக எழுதுவதாகும். அதன்பின் மீட்பு இல்லை.

பொது ஒப்பந்தம் இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் என்ன நேர்ந்தது என்பதைச் சி.பி.எம். என்னும் பழைய முறைமையின் வரலாறு நன்கு காட்டும். 1974-இல் கேரி கில்டால் உருவாக்கிய இம்முறைமை, பல நிறுவனங்களின் கணிப்பொறிகளில் இயங்கியது. 8 அங்குலத் தட்டிற்கு ஐ.பி.எம். வகுத்த ஓர் அமைப்பை யாவரும் ஏற்றிருந்தமையால், ஒரு நிறுவனத்தின் பொறியில் எழுதிய தட்டு மற்றொன்றில் படிக்கப்பட்டது. 5¼ அங்குலத் தட்டு வந்தபோது அத்தகைய ஒப்பந்தம் ஏற்படவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பிரிவுகளை அமைத்தது. முறைமை ஒன்றாயிருந்தும் தட்டுகள் ஒன்றையொன்று அறியாமற்போயின.

இதற்கு மாறான நற்காட்டு குறுந்தகடு. ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் உலகத் தரம் 1988-இல் வகுக்கப்பட்டது. அத்தரத்தின்படி எழுதிய குறுந்தகட்டின் கோப்புப் பட்டியலை எவ்வகைக் கணிப்பொறியும் படிக்கும். மாக்கின்டாஷுக்கே உரிய அடுக்கு முறையில் மட்டும் எழுதப்பட்ட குறுந்தகடுகளோ பிற பொறிகளில் திறப்பதில்லை. தகடு ஒன்றே; ஒளிக்கதிரும் ஒன்றே; வேறுபட்டது அடுக்கும் முறை.

மூன்றாம் படி: எழுத்தும் எண்ணும்

கோப்பு கிடைத்துவிட்டது. அதன் பெயரும் தெரிகிறது. திறந்தால் பொருளற்ற குறிகள் தோன்றுகின்றன. இது மூன்றாம் தடை.

கணிப்பொறி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களையே சேமிக்கிறது. எவ்வெண் எவ்வெழுத்து என்பது ஓர் உடன்பாடு. 1963-இல் வெளியான ஆஸ்கி தரத்தில் ஆங்கிலத்தின் முதற் பேரெழுத்து 65 என்னும் எண்ணால் குறிக்கப்படும், ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளின் முறையில் அதே எழுத்து 193. ஆங்கிலத்தின் நிலையே இதுவாயின், தமிழின் நிலையைக் கூற வேண்டுவதில்லை. 1990-களில் தமிழ் எழுத்துருக்களை ஆக்கியோர், ஐரோப்பிய மொழிகளுக்கென ஒதுக்கிய எண்களில் தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். இந்தியத் தரக் கழகம் 1991-இல் இந்திய மொழிகளுக்கென இஸ்கி தரத்தை வெளியிட்டது. தமிழுக்கென டாம், டாப், டிஸ்கி எனும் குறியீட்டு முறைகளும் வழங்கின. யூனிகோடு முறையில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதனை ஏற்றது. இதற்கு முற்பட்ட கோப்பு ஒன்றை இன்று திறந்தால் தமிழ் தோன்றாமல் ஐரோப்பிய எழுத்துகள் தோன்றுவதன் காரணம் இதுவே. அக்கோப்பு கெட்டதன்று. எவ்வெழுத்துருவில் தட்டெழுதப்பட்டது என்று அறிந்தால், மாற்று நிரல் கொண்டு யூனிகோடு ஆக்கிவிடலாம். எழுத்துருவின் பெயரைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

எழுத்துத் தவறு கண்ணுக்குத் தெரியும். எண் தவறு தெரியாது. ஆதலின் எண்களிலேயே ஆபத்து அதிகம். இரண்டு பைட்டுகளில் ஓர் எண்ணை எழுதும்போது, இன்டெல் வகை நுண்செயலிகள் சிறிய மதிப்புடைய பைட்டை முன்னும், மாக்கின்டாஷிலும் அமிகாவிலும் இருந்த மோட்டரோலா 68000 பெரிய மதிப்புடைய பைட்டை முன்னும் வைக்கும். ஒன்றில் எழுதிய கோப்பை மற்றொன்றின் முறையில் படித்தால் 1 என்பது 256 ஆகும். 12 என்பது 3072 ஆகும். ஒரே நாளில் 3072 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கண்டால் எவரும் ஐயுறுவர். ஆனால் 256 என்பது 1 ஆகத் தோன்றினால் யார் ஐயுறுவார்? பெருமழை பெய்த நாள் தூறல் நாளாகிவிடும்.

தேதியிலும் இத்தகைய இடர் உண்டு. எக்செல் நிரல் தேதிகளை நாள் எண்ணிக்கையாகவே சேமிக்கிறது. விண்டோஸ் கணிப்பொறியில் அவ்வெண்ணிக்கை 1900-ஆம் ஆண்டிலிருந்தும், பழைய மாக்கின்டாஷ் எக்செலில் 1904-ஆம் ஆண்டிலிருந்தும் தொடங்கியது. இரண்டிற்கும் வேறுபாடு 1462 நாட்கள். கோப்பை முழுமையாகத் திறந்தால் நிரல் இதனைத் தானே சரிசெய்யும். எண்களை மட்டும் எடுத்து வேறு கோப்பில் ஒட்டினாலோ, 1995 ஜூன் 15 என்பது 1991 ஜூன் 14 ஆகிவிடும். விதைத்த நாளும் அறுத்த நாளும் ஒன்றுபோலப் பின்னே செல்லுமாதலின், கணக்கின் உள்ளே முரண்பாடு தோன்றாது. தாளில் எழுதிய குறிப்பேடு ஒன்றோடு சில தேதிகளை ஒப்பிட்டாலன்றி இத்தவற்றைக் கண்டறிதல் அரிது.

நான்காம் படி: நிரல்களை இயக்குதல்

செயல்நிரல் என்பது நுண்செயலிக்கு இடும் கட்டளைகளின் வரிசை. அக்கட்டளைகளும் எண்களே. 201 என்னும் எண்ணை இசட்-80 நுண்செயலி கண்டால், "இப்பணியை முடித்து, அழைத்த இடத்திற்குத் திரும்புக" என்று கொள்ளும். பி.பி.சி. மைக்ரோவில் இருந்த 6502 நுண்செயலி அதே எண்ணைக் கண்டால், "அடுத்து வரும் எண்ணோடு ஒப்பிடுக" என்று கொள்ளும். ஒரே எண், இரு வேறு பொருள். ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்று இயக்க முற்படின் முதற் சில கட்டளைகளிலேயே குழப்பம் விளையும்.

நுண்செயலி ஒன்றாயிருப்பினும் தடை தீர்வதில்லை. கோப்பைத் திறக்கவும், திரையில் எழுதவும், அச்சிடவும் நிரல் இயக்க முறைமையின் உதவியை நாடுகிறது. உதவி கேட்கும் முறை முறைமைதோறும் வேறு. அன்றியும், ஒரே குடும்பத்திலும் தலைமுறை மாறினால் தடை எழும். டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் நேரடியாக இயக்குவதில்லை.

இதனைக் கடக்க நான்கு வழிகள் உள்ளன.

முதல் வழி, வேண்டிய நுண்செயலியையே உள்ளே வைத்துவிடுதல். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1980-இல் விற்ற ஓர் அட்டையில் இசட்-80 நுண்செயலி இருந்தது. 6502 கொண்ட ஆப்பிள் II கணிப்பொறியில் அவ்வட்டையைச் செருகினால், அது சி.பி.எம். நிரல்களை இயக்கியது.

இரண்டாம் வழி, பழைய கணிப்பொறியைப் போலவே நடிக்கும் நிரல் ஒன்றைப் புதிய கணிப்பொறியில் இயக்குதல். எமுலேட்டர் என்று இது வழங்கும். பழைய கட்டளை ஒவ்வொன்றையும் படித்து, அதே விளைவைத் தரும் செயலைப் புதிய பொறியில் அது செய்கிறது. பழைய பொறியைவிடப் புதிய பொறி பன்மடங்கு விரைவுடையதாதலின், இவ்விடைப்பணியால் ஏற்படும் தாமதம் பொருட்படுத்தத் தக்கதன்று. டாஸ் நிரல்களுக்கு 2002-இல் வெளியான டாஸ்பாக்ஸ் என்பதும், பி.பி.சி. மைக்ரோவிற்குப் பீப்எம் என்பதும் இவ்வகையின.

மூன்றாம் வழி, கட்டளைகளை மொழிபெயர்த்தல். ஆப்பிள் நிறுவனம் தன் மாக்கின்டாஷ் கணிப்பொறிகளின் நுண்செயலியை 1994, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை மாற்றியது. ஒவ்வொரு முறையும் பழைய நிரல்கள் சில காலம் இயங்குமாறு இத்தகைய ஏற்பாடுகளைச் செய்தது. எனினும் 2006-இல் வந்த ரொசெட்டா என்னும் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டை 2011-இல் நீக்கிவிட்டது. நிறுவனங்கள் தரும் இவ்வகைப் பாலங்கள் நிலையானவை அல்ல. பாலம் இருக்கும்போதே கடந்துவிடுதல் வேண்டும்.

நான்காம் வழி, நிரலின் மூல வடிவம் கிடைக்குமாயின் அதனைப் புதிய பொறிக்கென மறுபடியும் தொகுத்தல். இதுவே நீடித்த பயன் தருவது. நுண்செயலி கட்டளைகளாக மாற்றப்படுமுன் மனிதர் எழுதிய வடிவம் அது. பள்ளி ஆசிரியர் ஒருவர் பேசிக் மொழியில் எழுதிய சிறு பாட நிரலைக்கூட, அச்சிட்ட தாள் ஒன்று இருந்தால் இன்று மீண்டும் எழுதிவிடலாம். 1984-85-இல் இந்திய அரசு பள்ளிகளுக்கெனத் தொடங்கிய "கிளாஸ்" திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளே வழங்கப்பட்டன. அக்காலத்துப் பள்ளிகளில் இத்தகைய தாள்கள் எங்கேனும் இருக்குமாயின் அவற்றைப் பேணுதல் தகும்.

நிரல்களும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்பதை மறத்தலாகாது. பழையதாயினும் உரிமையாளரின் இசைவு வேண்டும் இடங்களில் அதனைப் பெறுதல் கடமை.

டூம்ஸ்டே தட்டுகள்

மேற்கூறிய நான்கு தடைகளும் ஒருங்கே வந்த வரலாறு ஒன்று பிரிட்டனில் நிகழ்ந்தது. 1086-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் தம் நாட்டின் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்துத் தோலேடுகளில் எழுதுவித்தார். டூம்ஸ்டே நூல் எனப்படும் அதன் 900-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, பி.பி.சி. நிறுவனம் 1986-இல் புதிய கணக்கெடுப்பு ஒன்றை வெளியிட்டது. நாட்டை 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் உள்ள கட்டங்களாகப் பகுத்து, பள்ளி மாணவர் உள்ளிட்ட பத்து இலட்சம் பேர் தத்தம் ஊரைப்பற்றி எழுதியும் படம் எடுத்தும் அளித்தனர். இவையெல்லாம் 12 அங்குல லேசர் தட்டுகள் இரண்டில் அடக்கப்பட்டன.

அத்தட்டைப் படிக்கப் பிலிப்ஸ் நிறுவனத்தின் தனிவகைப் பொறியும், அதற்கெனத் திருத்தியமைத்த பி.பி.சி. மாஸ்டர் கணிப்பொறியும் வேண்டியிருந்தன. படங்கள் தொலைக்காட்சி அலைவடிவில் பதிந்திருந்தன. எழுத்துகளும் எண்களும் ஒலித்தடத்தில் எண்முறையில் பதிந்திருந்தன. இவற்றின் விலை மிகுதியாதலின் பள்ளிகள் பலவற்றால் வாங்க இயலவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் பொறிகள் அருகிவிட்டன. தட்டுகள் நன்னிலையில் இருந்தும், படிக்கும் பொறி இன்மையால் அவை ஊமையாகும் நிலை வந்தது. 900 ஆண்டுக்கு முன் எழுதிய தோலேட்டையோ, எழுத்தறிந்தவர் இன்றும் படிக்கலாம்.

லீட்ஸ் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய காமிலியன் என்னும் ஆராய்ச்சித் திட்டத்தினர், தட்டின் செய்திகளைப் படியெடுத்து, பழைய கணிப்பொறியையும் தட்டுப் பொறியையும் போல நடிக்கும் நிரலை ஆக்கி, 2002-இல் அதனை இயக்கிக் காட்டினர். ஊர்ச் செய்திகள் அடங்கிய தட்டின் பொருள் 2011-இல் வலைத்தளத்தில் வெளியிடப்பட்டது. மீட்பு முயற்சி தட்டின் பதிவைப் படியெடுப்பதில் தொடங்கியதையும், பழைய பொறிகளுள் சில அப்பொழுதும் இயங்கியமையாலேயே அது கைகூடியதையும் கவனித்தல் வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகள் கழிந்திருப்பின் பணி பன்மடங்கு கடினமாகியிருக்கும்.

களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டிய முறை

பழைய தட்டுகள் கிடைத்தவிடத்துப் பின்வரும் வரிசையில் செயற்படுக.

1. தட்டில் ஒட்டிய சீட்டையும் உறையையும் நிழற்படம் எடுத்துக்கொள்க. கணிப்பொறியின் பெயர், நிரலின் பெயர், எழுத்துருவின் பெயர், ஆண்டு ஆகியவற்றைத் தாளில் குறித்திடுக. முன்னர்ப் பணியாற்றியவர் இருப்பின் கேட்டறிக.

2. தட்டின் பரப்பில் பூஞ்சை படர்ந்திருப்பின் டிரைவில் இடற்க. நம் நாட்டின் ஈரக் காற்றில் இது அடிக்கடி நேருவது. பூஞ்சை தட்டையும் கெடுத்து, டிரைவின் தலையையும் கெடுத்து, அடுத்து வரும் தட்டுகளுக்கும் பரவும். தூய்மை செய்தலை அனுபவம் உடையவரிடம் விடுக.

3. எழுதாமற் காக்கும் ஏற்பாட்டை முதலில் செய்க. 5¼ அங்குலத் தட்டின் ஓரத்தில் உள்ள வெட்டினை ஒட்டுத்தாளால் மூடினால் அதன்மீது எழுத முடியாது. 3½ அங்குலத் தட்டில் சிறு துளை திறந்திருத்தல் வேண்டும். 8 அங்குலத் தட்டில் முறை தலைகீழானது: வெட்டு திறந்திருந்தால் காப்பு, மூடினால் எழுதலாம்.

4. கணிப்பொறி பார்மட் செய்யலாமா என்று கேட்டால் எப்பொழுதும் "இல்லை" என்க.

5. தனித்தனிக் கோப்புகளை எடுக்குமுன், தட்டு முழுவதையும் முதல் தடம் முதல் இறுதித் தடம் வரை ஒரே கோப்பாகப் படியெடுக்க. எல்லாச் சோதனைகளையும் இப்படியின் மற்றொரு படியில் செய்க. மூலத் தட்டை ஒருமுறை படித்து, உலர்ந்த இடத்தில் வைத்துவிடுக.

6. படியின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுக் குறித்துவைக்க. பின்னொரு நாள் படியில் ஒரு பிட் மாறினும் அவ்வெண் அதனைக் காட்டிக் கொடுக்கும்.

7. கோப்புகளைப் பிரித்தெடுத்தபின், பழைய தாட்பதிவேடு எதுவேனும் இருப்பின் பத்துப் பதினைந்து பதிவுகளையாவது ஒப்பிடுக. பெருமழை பெய்த நாட்களையும் ஆண்டின் முதல் நாட்பதிவையும் தவறாது பார்க்க.

8. மீட்ட செய்தியை யூனிகோடு எழுத்துக் கோப்பாகவும் எளிய அட்டவணைக் கோப்பாகவும் சேமித்து, ஓரிடத்தில் மட்டுமன்றி இரண்டு மூன்று இடங்களில் வைக்க. மூலப் படியையும் நீக்கற்க. இன்று பொருள் விளங்காத பகுதி நாளை ஒருவருக்கு விளங்கலாம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் மூன்றாம் படியை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். எழுத்துக் கோப்பு ஒன்றில் "அ" என்னும் ஒரே எழுத்தை இட்டு, யூ.டி.எப்-8 முறையில் சேமிக்கச் செய்க. கோப்பின் அளவைப் பார்த்தால் மூன்று பைட்டுகள் என்று இருக்கும். சில நிரல்கள் கோப்பின் தொடக்கத்தில் மேலும் மூன்று பைட்டுகளை அடையாளமாக இடுவதும் உண்டு. பின்னர் அதே கோப்பை மேலை ஐரோப்பிய முறையில் திறக்கச் செய்க. "அ" மறைந்து, தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்தொன்றும், வட்டத்துள் அடங்கிய குறியொன்றும், மூன்று புள்ளிகளும் தோன்றும். கோப்பைச் சேமிக்காமல் மூடி, மீண்டும் சரியான முறையில் திறந்தால் "அ" முன்போலவே காட்சி தரும். கோப்பில் எதுவும் மாறவில்லை. மாறியது நாம் படித்த முறை. தவறான முறையில் திறந்த நிலையிலேயே திருத்திச் சேமித்திருந்தால் என்னவாகும் என்று மாணவரைக் கேட்க. கேள்வியின் விடையை அவர்களே சோதித்து அறியட்டும்.

முடிவுரை

நாம் இன்று எழுதும் கோப்புகளும் ஒரு நாள் வேற்றுக் கணிப்பொறியின் கோப்புகளே ஆகும். மண் பரிசோதனை முடிவையோ மாணவர் தேர்ச்சிக் கணக்கையோ சேமிப்பவர், பின்னர் வருபவர் அதனைப் படிக்க வேண்டும் என்பதை நினைவிற்கொள்ளுதல் கடமை. பொதுத் தரத்தில் எழுதுவதும், எம்முறையில் எழுதினோம் என்பதைத் தாளில் ஒரு குறிப்பாக இணைத்துவைப்பதும் ஐந்து நிமிட வேலை. அலமாரியில் இப்பொழுது கிடக்கும் பெட்டிக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை. தட்டின் காந்தப் பதிவு ஆண்டுதோறும் நலிகிறது. படிக்கும் டிரைவ்களும் குறைகின்றன. சீட்டில் எழுதிய மை இன்னும் தெளிவாயிருக்கும்போதே பெட்டியைத் திறந்து, மேற்கூறிய முதல் மூன்று செயல்களையாவது இந்த மாதத்திலேயே முடித்துவிடுதல் நன்று.